நாற்பத்தேழாம் பக்கம், எட்டாம் வரி

ரெய்வா ஆண்டு 7, செப்டம்பர் 9, செவ்வாய்.
பிழை: ஒன்று. ஜூன் மாதக் கூட்டக் குறிப்பு, நாற்பத்தேழாம் பக்கம், எட்டாம் வரி, ஓர் எழுத்து. தட்டச்சு செய்தது நான். மூன்று முறை சரிபார்த்ததும் நான்தான்.

தோகுரா நாவோ இதை நோட்டில் எழுதி முடித்தபோது மணி ஏழு ஐந்து. வகுப்பில் மற்றவர்கள் இன்னும் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். தோமிசே ஊர்ப் பொதுக்கூடத்தின் மாடியில் செவ்வாய்தோறும் மாலையில் நடக்கும் பிழைதிருத்தப் பயிற்சி வகுப்பு அது. அன்றைய பாடம், ஒரே ஒலி கொண்டு, வேறு வேறு சித்திர எழுத்துகளால் எழுதப்படும் ஜப்பானியச் சொற்கள். எட்டாவதாக ஆசிரியர் எழுதிய சொல் 'ஷிகோ'. அதன் கீழே இரண்டு விதமாக எழுதிக் காட்டினார். ஒன்றுக்குப் பொருள், அமலுக்குக் கொண்டுவருதல். மற்றதற்குப் பொருள், சோதித்துப் பார்த்தல். இரண்டிலும் பின் எழுத்து ஒன்றேதான், முன் எழுத்து மட்டும் வேறு. வாயால் சொல்லிக் கேட்டால் எள்ளளவு வித்தியாசமும் தெரியாது.

அதைப் பார்த்ததும்தான் நாவோ நோட்டைத் திறந்து அந்தப் பிழையை எழுதினாள்.

அவளுக்கு ஊர் மன்ற அலுவலகத்தில் வேலை, இது இரண்டாவது வருடம். உறுப்பினர்கள் பத்துப் பேரும் மேயரும் அவையில் பேசுவதை ஒலிப்பதிவில் கேட்டு எழுத்தாக்குவது அவள் பொறுப்பு. ஜூன் கூட்டத்தில், ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கும் உறுப்பினர் மாத்சுனாமி எழுந்து, மலைமேல் இருக்கும் கமியோரிக்குப் பேருந்து எப்போது வரும் என்று கேட்டார். மேயர் சுகிமோரி, "அக்டோபர் முதல் தேதியிலிருந்து முன்பதிவுப் பேருந்தை ஷிகோ செய்வோம்" என்று பதில் சொன்னார். நாவோ யோசிக்கவே இல்லை. 'அமல்' எழுத்தைத் தட்டினாள். அந்த வரி மன்றச் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஏறி, ஆகஸ்ட் மாதமே ஊரின் இரண்டாயிரத்துச் சொச்சம் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

நாவோ நடைக்கூடத்துக்கு ஓடி மன்றச் செயலர் உத்சுமியைக் கைபேசியில் அழைத்தாள்.

"ஐயா, ஜூன்ல மேயர் சொன்ன ஷிகோ எந்த ஷிகோ?"

மறுமுனையில் நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம் நின்றது. "சோதனை ஷிகோ. மூணு மாசம் ஓட்டிப் பாப்பாங்க, டிசம்பர் கடைசியோட சரி. ஏன்?"

"நான் அமல் ஷிகோன்னு போட்டுட்டேன்."

"எங்க?"

"எல்லா இடத்துலயும்."

உத்சுமி, "சரி, விடு. தலை ஒண்ணும் போயிடல. எழுத்துப் பிழையைத் திருத்த அவைத்தலைவருக்கு அதிகாரம் இருக்கு. சத்தமில்லாமத் திருத்திடலாம். நவம்பர் இதழ்ல ஒரு மூலைல வருத்தம் தெரிவிச்சிடலாம்" என்றார்.

"நவம்பர் வரைக்கும் தாங்காது ஐயா. நாளைக்குக் காலைல கமியோரிலேர்ந்து ஏழு பேர் வர்றாங்க."

"எதுக்கு?"

"லைசென்ஸைத் திருப்பிக் குடுக்க. பஸ் வருதுன்னு நம்பி."

இந்த முறை உத்சுமி நூடுல்ஸைக் கீழே வைக்கும் ஓசையே கேட்டது.

தள்ளாத வயதில் வண்டி ஓட்டுகிறவர்கள் உரிமத்தைத் தாங்களாகவே ஒப்படைக்க, வருடத்துக்கு ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் ஊர் அலுவலகத்தின் கீழ்த்தளக் கூடத்தில் மேசை போட்டு உட்காருவார். இந்த வருடம் அது புதன்கிழமை காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். எழுபது வயதுக்கு மேல் திரும்ப வேண்டுமென்றால் பதினெட்டு வயதுக்காரனைப் போல எல்லாத் தேர்வையும் முதலிலிருந்து எழுத வேண்டும். கமியோரிக்கோ பதினோரு கிலோமீட்டர் ஏற்றம், இருபத்தாறு வளைவு, ஜனவரியில் முழங்கால் அளவு பனி.

அதே புதன்கிழமை பத்து மணிக்கு மூன்றாம் மாடியில் செப்டம்பர் கூட்டத்தின் கடைசி அமர்வு.

மறுநாள் காலை நாவோ ஏழே முக்காலுக்கே அலுவலகம் வந்துவிட்டாள். அவை விதிப்புத்தகத்தைத் திறந்து வைத்து, சிறு தாள் ஒன்றில் வரிசையாக எழுதினாள்: எழுத்தைத் திருத்துவது, மலைக்காரர்களிடம் சொல்வது, மன்னிப்புக் கேட்பது. மூன்றாவதை அடித்துவிட்டு முதலாவதாக எழுதினாள். பிறகு அது சரிதானா என்று சந்தேகம் வந்து திரும்பவும் மூன்றாவதாக எழுதினாள். அதற்குள் மணி ஒன்பதரை. வாகன நிறுத்தத்திலிருந்து ஹாரன் ஒலி கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தால், ஒரு சின்ன வெள்ளை டிரக் இரண்டு கார்களுக்கான இடத்தைக் குறுக்காக அடைத்துக்கொண்டு நின்றது. அப்படி நிறுத்துகிறவர் ஊரிலேயே ஒருவர்தான்.

நாவோ படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

குவாயே மசுயோவுக்கு எழுபத்து மூன்று வயது. காளான் வளர்த்துச் சந்தைக்குக் கொண்டுவருகிறவர். அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் கூடத்துக்குள் வந்தார்கள். எல்லாரும் நல்ல உடை உடுத்தி வந்திருந்தார்கள். ஒனிசுகா என்ற ஒல்லிக் கிழவர் கழுத்துப்பட்டைகூடக் கட்டியிருந்தார்.

"என்ன தோகுரா பொண்ணே, எங்களுக்குப் பூங்கொத்து ஒண்ணும் இல்லையா?" என்றார் குவாயே. "பேப்பர்ல போட்டோ போடுவாங்கன்னு ஒனிசுகா முடி வெட்டிக்கிட்டு வந்திருக்கார் பாரு."

"இருக்கறதே பத்து முடி. அதுல எதை வெட்ட?" என்றார் ஒனிசுகா. "நீ வண்டியை நிறுத்தியிருக்கற அழகைப் போட்டோ எடுத்தா, போலீஸ்காரர் நீ குடுக்கறதுக்கு முன்னாடியே லைசென்ஸைப் பிடுங்கிப்பார்."

எல்லாரும் சிரித்தார்கள். நாவோ இடுப்பு வரை வளைந்து வணங்கினாள். வணங்கியவள் நிமிரவே இல்லை.

"என்ன ஆச்சு? தரைல காசு ஏதாவது விழுந்துடுச்சா?" என்று குவாயே குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"மன்னிச்சிடுங்க. செய்தித்தாள்ல வந்தது தப்பு. நான் பண்ண தப்பு. பஸ் சோதனைக்கு மட்டும்தான் வருது. டிசம்பர் கடைசி வரைக்கும்தான். தயவுசெஞ்சு லைசென்ஸைக் குடுத்துடாதீங்க."

ஒனிசுகா கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார்.

"அப்ப ஜனவரில?" என்றார் குவாயே.

"இல்லீங்க."

"பிப்ரவரில?"

"இல்லீங்க."

குவாயே பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவரது குரலில் கோபம் இல்லை. அது நாவோவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "எனக்கு மாசம் ரெண்டு தடவை கண்ணுல ஊசி போடணும். வலது கண்ணு பாதி போயிடுச்சு. போன மாசம் தபால் பெட்டியை இடிச்சேன். பையன் போன்ல அழறான், லைசென்ஸைக் குடுத்துடறேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். குடுத்துட்டா ஜனவரில ஊசிக்கு வர முடியாது. குடுக்காட்டி…"

"குடுக்காட்டி அடுத்தது தபால் பெட்டியா இருக்காது, தபால்காரரா இருப்பார்" என்றார் ஒனிசுகா. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"நில்லு" என்று குவாயே தலையை நிமிர்த்தினார். "ஜூன்ல சுகிமோரி பேசினப்ப நான் ஊர் கேபிள் டிவில கேட்டேன். உன் எழுத்தைப் பாத்து நான் நம்பல பொண்ணே. காதால கேட்டப்பவே எனக்கு அமல்னுதான் கேட்டுது, கை தட்டினேன். நீ எந்த ஷிகோ சொன்னேன்னு அந்தாளையே மேல போய்க் கேளுங்களேன்! மாத்சுனாமி கேக்க மாட்டாரா?"

நாவோ இல்லையென்று தலையசைத்தாள். கேட்க முடியாது. உறுப்பினர்கள் கேள்விகளைப் பத்து நாளுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மாத்சுனாமி இன்றைக்குக் கொடுத்திருப்பது வாய்க்கால் மதகைப் பற்றிய கேள்வி. அதில் பேருந்தை நுழைத்தால் அவைத்தலைவர் அந்த நொடியே உட்கார வைத்துவிடுவார். பேருந்து என்ற சொல்லே இன்றைய நிகழ்ச்சி நிரலில் கிடையாது.

கிடையாதா?

திருத்த வேண்டிய வரியே பேருந்தைப் பற்றியதுதானே! நாவோ, "கொஞ்சம் இருங்க! யாரும் எதையும் குடுத்துடாதீங்க!" என்று கத்திவிட்டு, லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் படியேறி ஓடினாள்.

மூன்றாம் மாடியில் உத்சுமி உறுப்பினர்களின் பெயர்ப் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, திருத்தத்தைச் சத்தமில்லாமப் பண்ண வேணாம். அவைல அறிவிச்சுப் பண்ணலாம்."

"எதுக்கு? தலைவர் ஒரு முத்திரை குத்தினாப் போதும்."

"அறிவிச்சா, ஆட்சேபம் இருக்கான்னு தலைவர் கேட்டாகணும். ஆட்சேபம் வந்தா அது விவாதம். விவாதம் வந்தா மேயர் எழுந்து பதில் சொல்லியாகணும். விதி அறுபத்திரண்டு." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நான் சரியாத்தான் படிச்சேனான்னு தெரியல. நாலு தடவை படிச்சேன்."

உத்சுமி துணியை மடித்து வைத்தார். விதிப்புத்தகத்தை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். "சரியாத்தான் படிச்சிருக்க. ஆனா பிழை யாரோடதுன்னு காரணம் சொல்லணும். உன் பேர் குறிப்புல ஏறும். நீ ரிடையர் ஆனப்புறமும் அது அங்கயே இருக்கும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"அந்தக் குறிப்பைத் தட்டப் போறதும் நீதான்."

"அதுவும் தெரியும் ஐயா."

அவைத்தலைவர் ஹதானோ அம்மையார் மீன் ஏல நிலையத்தில் முப்பது வருடம் ஏலம் கூவியவர். நாவோ சொன்னதை நின்றபடியே கேட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை மாத்சுனாமிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லீங்க. அலுவலர் யாரும் உறுப்பினருக்கு யோசனை சொல்லக் கூடாது."

"சொல்லாத. அந்தாளு தூங்காம இருந்தா அவருக்கே தெரியும்" என்று சொல்லி, நிகழ்ச்சி நிரலின் தலைப்பில் பென்சிலால் ஒரு வரி சேர்த்தார்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பார்வையாளர் மாடத்தின் கதவருகே ஒரே அமளி. மாடத்தில் பதினாலு நாற்காலிகள் உண்டு. வழக்கமாக வருபவர் ஒரே ஒருவர்தான், அவரும் கோடையில் குளிர்சாதனத்துக்காக வருகிறவர். இன்றைக்கு ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். நாவோ ஒவ்வொருவருக்கும் சீட்டுக் கொடுத்துப் பெயர், முகவரி எழுதச் சொன்னாள்.

"தொப்பியைக் கழட்டணும். பேசக் கூடாது, கை தட்டக் கூடாது. ஆமோதிச்சோ எதிர்த்தோ சத்தம் போடக் கூடாது."

"மூச்சு விடலாமா?" என்றார் ஒனிசுகா.

"மெதுவா விடுங்க" என்று நாவோ அறியாமலேயே சொல்லிவிட்டாள். குவாயே அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

மணி அடித்தது. நாவோ ஒலிப்பதிவுக் கருவியை இயக்கிவிட்டு எழுதுமேசையில் உட்கார்ந்தாள்.

ஹதானோ மைக்கை இழுத்துக்கொண்டார். "அமர்வு தொடங்குகிறது. நிகழ்ச்சி நிரலுக்கு முன்பாக ஓர் அறிவிப்பு. கடந்த ஜூன் கூட்டக் குறிப்பில் நாற்பத்தேழாம் பக்கம், எட்டாம் வரியில், பேருந்து குறித்த மேயரின் பதிலில் 'அமல்' என்பதை 'சோதனை' என்று திருத்த வேண்டியுள்ளது. இது அலுவலர் தோகுராவின் தட்டச்சுப் பிழை. ஆட்சேபம் உண்டா?"

அந்தக் கேள்விக்கு அந்த அவையில் எப்போதும் ஒரே பதில்தான். பத்துப் பேரும் கோரஸாக "ஆட்சேபம் இல்லை" என்பார்கள். பாதிப் பேர் தாளைப் புரட்டிக்கொண்டே சொல்வார்கள். அன்றைக்கும் சொல்ல ஆரம்பித்தார்கள். "ஆட்சே…" என்பது வரை வந்தது.

"உண்டு!"

மாத்சுனாமி எழுந்து நின்றுகொண்டிருந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. கோரஸ் பாதியில் அறுந்தது. தூங்குவதற்குப் பேர்போன மூத்த உறுப்பினர் ஒருவர் திடுக்கிட்டு, "தீயா?" என்றார்.

"ஆட்சேபம் உண்டு தலைவரே. கேள்வி கேட்டது நான். அந்தக் குறிப்புல கையெழுத்துப் போட்ட ரெண்டு பேர்ல ஒருத்தனும் நான். படிச்சுப் பாத்துத்தான் போட்டேன். என் காதுக்கும் அமல்னுதான் கேட்டுது. பிழை தோகுராவோடதுன்னா என்னோடதும்தான். ஆனா பிழையான்னு மொதல்ல தெரியணும். ஒலிப்பதிவைப் போடுங்க!"

பதிவைத் தேடி நாவோ இயக்கினாள். மேயரின் குரல் அவையை நிறைத்தது: "…முன்பதிவுப் பேருந்தை ஷிகோ செய்வோம்." திரும்பவும் போடச் சொன்னார்கள். ஷிகோ. இன்னொரு முறை. ஷிகோ. உறுப்பினர்கள் கழுத்தைச் சாய்த்துக் கேட்டார்கள், கண்ணை மூடிக் கேட்டார்கள். முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் உறுப்பினர், "முதல் தடவை அமல் மாதிரி இருந்துச்சு, மூணாவது தடவை சோதனை மாதிரி இருந்துச்சு" என்றார். அவை முழுக்கச் சிரித்தது. மேயரும் சிரித்தார். மாடம் மட்டும் சிரிக்கவில்லை.

"மேயர் பதில் சொல்லலாம்" என்றார் ஹதானோ.

மேயர் எழுந்து தாளைப் பார்த்தார். "திட்டப் பிரிவின் பதில் வரைவில் இருப்பது 'சோதனை'. அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதற்கு மேல் ஓட்டுவது குறித்து, பயணிகளின் எண்ணிக்கையைப் பார்த்து… பரிசீலிப்போம்."

பரிசீலிப்போம். அந்த அவையில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தட்டச்சு செய்யும் நாவோவுக்குத் தெரியாதா? அவள் இந்த இரண்டு வருடத்தில் அதை இருநூறு முறையாவது தட்டியிருப்பாள். பரிசீலித்து எதுவும் நடந்ததாக ஒரு வரிகூடத் தட்டியதில்லை.

மாத்சுனாமி விடவில்லை. "எண்ணிக்கை எப்படி வரும்? கையில் லைசென்ஸ் இருக்கறவரைக்கும் அவங்க வண்டிய ஓட்டுவாங்க, பஸ்ல ஏற மாட்டாங்க. பஸ்ஸை நிறுத்த மாட்டீங்கன்னு தெரிஞ்சாத்தான் லைசென்ஸைக் குடுப்பாங்க. அவங்க ஏறினாத்தான் நீங்க ஓட்டுவீங்க, நீங்க ஓட்டினாத்தான் அவங்க ஏறுவாங்க. ரெண்டு பேரும் கதவுகிட்ட நின்னுக்கிட்டு, நீங்க முதல்ல, நீங்க முதல்லன்னு குனிஞ்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். ஜனவரில அந்த பஸ் எங்க போகும்? கரடி மாதிரி தூங்கப் போகுமா?"

மாடத்தில் ஏதோ அசைந்தது. நாவோ நிமிர்ந்து பார்த்தாள். குவாயே எழுந்து நின்றிருந்தார். வாய் திறக்கவில்லை. தன் உரிமத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். அடுத்து ஒனிசுகா எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக ஏழு பேரும். ஏழு சின்ன அட்டைகள், ஏழு கை, ஒரு சத்தமில்லை.

"மாடத்தில் உள்ளவர்கள்!" என்றார் ஹதானோ. "செயலகம், விதி என்ன சொல்லுது?"

உத்சுமி நாவோவைப் பார்த்தார். நாவோ புத்தகத்தைப் புரட்டி வாசித்தாள். "மாடத்துக்குள் கொண்டுவரக் கூடாதவை: துப்பாக்கி, கழி, கொடி, பதாகை, தலைப்பட்டை, மேளம், ஊதுகுழல். மது அருந்தியவர்களுக்கும் அனுமதி இல்லை." நிறுத்தி, திரும்பவும் ஒருமுறை வரிசையைக் கண்ணால் ஓட்டினாள். விடுபட்டு ஏதாவது இருக்குமோ என்று அவளுக்குப் பயம். "ஓட்டுநர் உரிமம் பட்டியலில் இல்லை, தலைவரே."

"கழின்னு சொன்னீங்களே, என் கைத்தடி?" என்று மேலிருந்து ஒனிசுகா முணுமுணுத்தது எல்லார் காதிலும் விழுந்தது.

"கேட்கவில்லை" என்றார் ஹதானோ. "உரிமத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். கை வலித்தால் உட்காரலாம். மேயர்?"

மேயர் மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி வியர்த்திருந்தது. "பத்து நிமிட இடைவேளை கோருகிறேன்" என்றார்.

நடைக்கூடத்தில் மேயர் பார்லி டீயைக் கையில் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் நின்றார். திட்டப் பிரிவுத் தலைவர் அவர் காதில் ஏதோ வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாடத்துப் படி வழியாக இறங்கிய குவாயே நேரே அவரிடம் போனார்.

"சுகிமோரி, ஒரே ஒரு விஷயம். நான் திட்ட வரல."

"சொல்லுங்க குவாயே-சான்."

"ஜூன்ல நீ அந்த வார்த்தையைச் சொன்னப்ப உன் மனசுல எது இருந்துச்சு? வரைவுல என்ன இருந்துச்சுன்னு கேக்கல."

மேயர் டீயைப் பார்த்தார். "எந்த எழுத்துன்னு நான் யோசிக்கவே இல்ல. வாசிச்சேன்."

"நான் யோசிச்சேன்" என்றார் குவாயே. "அன்னிக்கு ராத்திரியே பையனுக்குப் போன் பண்ணினேன்." அவ்வளவுதான். திரும்பிப் படியேறிவிட்டார்.

மணி மறுபடி அடித்தது. நாவோ பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கை இரண்டு முறை சரிபார்த்தாள். மேயர் எழுந்தார். இந்த முறை கையில் தாள் இல்லை. திட்டப் பிரிவுத் தலைவர் பின்னாலிருந்து ஒரு தாளை நீட்டினார். மேயர் வாங்கவில்லை.

"ஜூன் மாதம் நான் சொன்னது சோதனைதான். திருத்தம் சரி. அலுவலர் தோகுரா என் வாயில் வந்த சத்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். தெளிவில்லாமல் பேசியது நான்." அவர் மூச்சை இழுத்துவிட்டார். "இன்றைக்குச் சொல்வதைத் தெளிவாகச் சொல்கிறேன். சோதனை ஓட்டத்தை டிசம்பரோடு நிறுத்த மாட்டோம். மார்ச் கடைசி வரை, பனிக்காலம் முழுக்க, நீட்டிப்போம். இதற்கு என் அதிகாரம் போதும். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கமியோரிப் பேருந்தை 'செகோ' செய்வதற்கான தீர்மானத்தை டிசம்பர் கூட்டத்தில் இந்த அவையின் முன் நானே வைப்பேன்."

செகோ!

நாவோவின் பேனா தாள் மேல் அப்படியே நின்றது. சட்டப் பிரிவுக்காரர்கள் மட்டும், குழப்பம் வராமலிருக்க, 'அமல்' எழுத்தை வேண்டுமென்றே 'செகோ' என்று வாசிப்பார்கள். மேயர் ஒருநாளும் அப்படி வாசித்ததில்லை. செகோ என்று சொல்லிவிட்டால் அது சோதனையாக முடியாது. எந்தக் காதிலும், எந்தக் கருவியிலும், எந்தத் தட்டச்சுக்காரியின் விரலிலும் முடியாது.

மாத்சுனாமி மெதுவாக எழுந்தார். "செகோன்னுதானே சொன்னீங்க?"

"செகோ" என்றார் மேயர்.

"இன்னொரு தடவை?"

"செ, கோ."

"ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன்!"

"நாற்பத்தேழாம் பக்கத் திருத்தத்துக்கு ஆட்சேபம் உண்டா?" என்று ஹதானோ கேட்டு முடிக்கவில்லை. "ஆட்சேபம் இல்லை!" என்று அவை முழங்கியது. அந்தக் குரல்களில் மேலே மாடத்திலிருந்து வந்த ஏழும் கலந்திருந்தன என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஹதானோ சரியாக அந்த நேரம் பார்த்து நீளமாக இருமினார்.

அமர்வு முடிந்து நாவோ கீழே ஓடிவந்தபோது மணி பதினொன்று ஐம்பது. போலீஸ்காரர் படிவங்களை அடுக்கி முடிக்கும் தறுவாயில் இருந்தார். குவாயே அவர் மேசைமுன் நின்றுகொண்டிருந்தார்.

"நில்லுங்க!" நாவோவுக்கு மூச்சு முட்டியது. "குவாயே-சான், ஏப்ரலுக்கு இன்னும் எதுவும் முடிவாகல. டிசம்பர்ல ஓட்டெடுப்பு நடக்கணும். பத்துப் பேர்ல ஆறு பேர் எதிர்த்தா விழுந்துடும். மார்ச் வரைக்கும்தான் நிச்சயம். இதைச் சொல்லாம விட்டா ரெண்டாவது தடவையும் நான் தப்புப் பண்ணினதா ஆயிடும்."

"கேட்டேன் பொண்ணே, கண்ணுதான் பாதி, காது முழுசா இருக்கு." குவாயே ஒனிசுகாவைப் பார்த்தார். "நீ?"

"டிசம்பர் வரைக்கும் பொறுத்துப் பாக்கறேன்" என்றார் ஒனிசுகா. மற்ற ஐந்து பேரும் அதற்குத் தலையாட்டினார்கள்.

"பொறு. உன் கண்ணு நல்லாருக்கு." குவாயே தன் உரிமத்தை மேசையில் வைத்தார். "பனிக்காலம் முழுக்க ஊசிக்கு வந்துடலாம். எனக்கு அது போதும். டிசம்பர்ல அவங்க எதிர்த்தா, மாடத்துல பதினாலு நாற்காலி இருக்கில்ல, பதினாலையும் கமியோரிக்காரங்களை வெச்சு நிரப்பிடறேன். பஸ்லயே வந்து இறங்குவோம்."

இனி செல்லாது என்பதற்கு அடையாளமாக, போலீஸ்காரர் உரிமத்தில் துளை போட்டுக் கொடுத்தார். டக்கென்று ஒரு சின்ன சத்தம். குவாயே ஒரு கணம் அந்தத் துளை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்துத் தூரமாகப் பிடித்து, மகனின் எண்ணைத் தேடினார். நாவோ தேடிக் கொடுத்தாள்.

"நான்தான். குடுத்துட்டேன். … ஆமா, நிஜமா. … டேய், அழாத, ஆபீஸ்ல யாராவது பாக்கப் போறாங்க."

டிரக்கின் சாவி மாத்சுனாமியிடம் போயிற்று. "மூணாவது கியர் தானா விழாது, மேல தூக்கிக் குத்தணும்" என்று குவாயே ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டே சொல்வது கேட்டது. "அப்படி இல்ல! குத்தணும்னா குத்தணும், தடவக் கூடாது!" வெள்ளை டிரக் இரண்டு முறை குலுங்கி நின்று, மூன்றாவது முறை கிளம்பி மலைப்பாதையைப் பார்க்கத் திரும்பியது. ஒனிசுகாவின் கார் ஹாரன் அடித்தபடி பின்னாலேயே போனது.

நாவோ படியேறி அலுவலகத்துக்கு வந்தாள். உத்சுமி பதிவுக் கருவியிலிருந்து அன்றைய கோப்பை எடுத்து அவள் மேசையில் வைத்திருந்தார். ஒரு மணி நாற்பத்தாறு நிமிடம். பக்கத்தில் சோற்று உருண்டை ஒன்றும் இருந்தது.

"முதல்ல சாப்பிடு" என்றார். "மாடத்துலேர்ந்து வந்த 'ஆட்சேபம் இல்லை'யை என்ன பண்றதா உத்தேசம்?"

"தலைவர் இருமினதால சரியாக் கேக்கலைன்னு விட்டுடலாமா ஐயா?"

"விட்டுடலாம்."

அவளுக்கு அது சரிதானா என்று சந்தேகமாக இருந்தது. நோட்டைத் திறந்து, செப்டம்பர் 10, புதன் என்று எழுதினாள். அதன் கீழே எழுதினாள்:

நாளை காலை எட்டரை மணிக்கு இன்றைய பதிவைத் தட்டச்சு செய்யத் தொடங்க வேண்டும். மேயரின் பதிலுக்கு வந்ததும், எனக்குச் சந்தேகம் இல்லாவிட்டாலும், தாளை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடியிலுள்ள மேயர் அறைக்குப் போய் அந்தச் சொல்லை அவர் கையாலேயே எழுதி வாங்க வேண்டும்.